ஃப்ரீசரில் கொஞ்சம் இடம்

தொட்டதுமே தெரிந்துவிட்டது. பாக்கெட் இளகியிருந்தது.

அடுத்ததை எடுத்தார். அதுவும் தொளதொளவென்று இருந்தது. மொத்தமும் அப்படித்தான்.

வாஷிங் மெஷின் மேல், காலையில் அவர் வைத்த இடத்திலேயே, மகள் இந்துமதியின் தாய்ப்பால் உருகிக் கிடந்தது.

பேரன் நாள் முந்திப் பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். குழாய் வழியாகத்தான் பால். மாப்பிள்ளை அங்கேயே காவல் கிடக்கிறார். தையல் ஆறாத வயிற்றோடு இந்துமதி அப்பா வீட்டில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாகப் பாலை எடுத்து உறைய வைக்கிறாள். மதியம் அவள் மாமியார் ஐஸ் பெட்டியோடு வந்து வாங்கிப் போவார். வெளியே வைத்து இளகிய பாலைக் கொண்டுவரவே கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவளுக்கு அவ்வளவாகப் பால் இல்லை. மாமியார் முதல் நாளே பவுடர் பேச்சை எடுத்துவிட்டார். இந்துமதி பிடிவாதமாக மறுத்தாள். பிள்ளைக்குத் தன்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று அப்பாவிடம் சொல்லி அழுதாள்.

அவருக்கோ கார்.

ஷெட்டில் நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. ரிட்டயரான நாளிலிருந்து அதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார். பேரனைப் பார்க்கப் போனபோதுகூட, நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிறது என்று கை கழுவத் திருப்பி அனுப்பினார்கள்.

முன் சக்கரத்துக்குப் புது பேரிங் போட வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் கெட்டுவிடும். பேரிங்கைக் குளிரில் வைத்துச் சுருக்கி, அது உட்காரும் சக்கரக் குடத்தை அடுப்பில் காய வைத்து விரித்தால் அலுங்காமல் இறங்கும். நேற்று ஃப்ரீசரில் கொஞ்சம் இடம் கேட்டார். இந்துமதிதான் பாக்கெட்டுகளை ஓரமாக நெருக்கி இடம் கொடுத்தாள்.

காலையில் பார்த்தால் பேரிங் பாக்கெட்டுகளோடு ஒட்டி உறைந்திருந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பிரித்தார். குளிர் போவதற்குள் மாட்டியாக வேண்டும். பாக்கெட்டுகளை அப்படியே மெஷின் மேல் போட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினார்.

பேரிங் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஒரு தட்டுகூடத் தேவைப்படவில்லை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டார். அது சத்தமே இல்லாமல் சுற்றுவதை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரசித்தார். டீ குடிக்கத்தான் உள்ளே வந்தார்.

இப்போது வெட்கத்தில் காது சுட்டது.

மகளைக் கூப்பிட வாயெடுத்தார்.

ஆனால் கை தானாகவே பாக்கெட்டுகளை அள்ளி ஃப்ரீசருக்குள் வைத்தது. சம்பந்தியம்மா வருவதற்குள் மேலாக இறுகிவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததே, அதுதான் கேவலம். சொல்லிவிடலாம், சொல்லத்தான் போகிறேன் என்று முனகிக்கொண்டே கதவைச் சாத்தினார்.

வாசலில் ஆட்டோ நின்றது. சம்பந்தியம்மா ஐஸ் பெட்டியோடு உள்ளே வந்தார்.

இந்துமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். ஃப்ரீசரைத் திறந்தாள்.

ஒரு பாக்கெட்டை எடுத்து அழுத்தினாள். இன்னொன்றையும்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கைகளைப் பார்த்தாள். அவர் அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

எடுத்ததை உள்ளேயே வைத்துச் சாத்தினாள்.

“இன்னைக்குப் பாலே வரலீங்க அத்தை,” என்றாள்.

சம்பந்தியம்மா பெருமூச்சு விட்டார். நான் அப்போதே சொன்னேன் என்றார். எல்லாருக்கும் ஊறிவிடாது, இனிமேல் பவுடரே கொடுக்கச் சொல்லிவிடுகிறேன் என்றார். இந்துமதி தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள். கன்னம் நனைந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

சொல்வதானால் இப்போதுதான் சொல்ல வேண்டும். அது அப்பாவுக்குத் தெரிந்தது. ஓரடி முன்னால் வந்தார்.

அதற்குள் சம்பந்தியம்மா, பேசாமல் போனால் மரியாதையாக இருக்காதே என்று அவர் பக்கம் திரும்பி, வண்டி வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தார்.

“முன் சக்கரம் முடிஞ்சுதுங்க,” என்றார்.