ஜோலீனுக்கு எந்தப் பலகை?

காலில் மாட்டாத செருப்பு. குளத்துத் தண்ணீரில் அலையேறும். ஆளுக்கு ஆள் அளவு வேறு. அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

படகு கிளப்பிவிடும் அலையில் நின்றபடி சறுக்குகிற பலகைதான் அது. வேக்சர்ஃப் என்கிறார்கள். மலேசியாவில் ஈஜோக் பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குளம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் இந்த விளையாட்டு உண்டு. ஆளுக்குத் தக்க பலகையை எடுத்துக் கொடுப்பவள் நித்தியா.

அந்த நித்தியாவின் மேல்தான் தேவதாஸுக்கு அப்படியொரு கோபம் வந்தது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து மகள் ஜோலீன் கெஞ்சிக்கொண்டே இருந்ததால், அவளையும் அவள் அண்ணன் ரையனையும் புஞ்சாக் ஆலாமிலிருந்து அழைத்து வந்திருந்தார்.

"தம்பி, ஸ்கேட்போர்டு ஓட்டுவியா? வெயிட் எவ்வளவு?" என்று நித்தியா ரையனைக் கேட்டாள்.

"ஓட்டுவேன்க்கா. நாப்பத்தஞ்சு."

மெல்லிய குட்டைப் பலகை ஒன்றை உருவிக் கொடுத்தாள். "சட்டுன்னு திரும்பும். அசந்தா ஆளையும் திருப்பிடும், பாத்துக்க."

"அண்ணே, நீங்க?"

"தொண்ணூறு லா!" தேவதாஸ் வயிற்றைத் தட்டிக் காட்டினார். அவருக்கு வந்தது தடித்த, நீளமான பலகை.

"என்னம்மா, கதவைக் கழட்டிக் கொடுத்துட்டியா?"

"கதவுதாண்ணே. கவுறாது." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அடுத்தது ஜோலீன். பன்னிரண்டு வயது.

"உன் வெயிட் எவ்வளவு மா?"

ஜோலீன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"எஞ்சின் சத்தத்துல கேக்கல மா. சத்தமா சொல்லு."

"அறுபத்தஞ்சு."

பின்னால் நின்ற இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். நித்தியா ஓர் அகலமான பலகையை இழுத்து முன்னால் வைத்தாள்.

தேவதாஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? பொம்பளப் பிள்ளகிட்ட நாலு பேர் முன்னால இப்படியா கேப்ப?"

"வெயிட் தெரியாம பலகை கொடுக்க முடியாதுண்ணே. உங்ககிட்டயும் கேட்டேன்ல?"

"நானும் அவளும் ஒன்னா? வளர்ற பிள்ள. அது மனசு என்ன பாடுபடும்?"

"அதுக்காக மெல்லிசக் கொடுத்தா அவளத் தாங்குமா?"

"தாங்காதா? என் மவ என்ன யானையா?"

நித்தியாவின் குரலும் உயர்ந்தது. "அந்த வார்த்தைய நான் சொல்லலண்ணே. நீங்க சொன்னீங்க."

"எதிர்த்துப் பேசாத! ரையனுக்குக் கொடுத்த மாதிரி இன்னொன்ன எடு."

"எடுக்க மாட்டேன். இவ இன்னிக்குத்தான் முதல் தடவ நிக்கப் போறா. அதுல ஏறினா விழுந்து விழுந்து தண்ணிதான் குடிப்பா. அப்ப எல்லாரும் சிரிச்சா, வந்து நிறுத்துவீங்களா?"

"முதலாளியக் கூப்பிடு!"

"நான்தான் முதலாளி."

அந்த நேரம் பார்த்து, வரிசையில் நின்ற திலகம் என்ற அம்மாள் தேவதாஸுக்குக் கை கொடுத்தார்.

"அவரு சொல்றதும் நியாயந்தானே லா. பிள்ளயத் தனியாக் கூப்பிட்டு மெதுவாக் கேட்டிருக்கலாம்."

அக்கம்பக்கத்தில் நாலைந்து தலைகள் ஆடின. தேவதாஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது அவர் நித்தியாவுக்காகப் பேசவில்லை; குளக்கரை முழுவதற்கும் கேட்கும்படி பேசினார்.

"நல்லா கேட்டுக்க! ஒரு பிள்ளையோட உடம்ப வச்சு நாலு பேர் முன்னால பேசறவங்க மனுசங்களே இல்ல. வீட்டுல அப்பா அம்மா கண்ணுக்குள்ள வச்சு வளக்குறோம். நீங்க ஒரு நிமிசத்துல நசுக்கிடுறீங்க. வா ஜோலீன், போவோம். இவ பலகையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

மகளின் கையைப் பிடித்து இழுத்தார். ஜோலீன் நகரவில்லை.

"அப்பா, அக்கா என் வெயிட்ட மட்டும்தான் கேட்டாங்க."

"அதான் தப்புங்கிறேன்!"

"வீட்டுல நான் குசினிப் பக்கம் சாப்பிட வந்தாலே 'கேஸ் தோம்பு உருண்டு வருது, வழி விடுங்க'ன்னு சொல்றது இந்த அக்கா இல்லப்பா."

அவள் கத்தவில்லை. எஞ்சின் சத்தத்தையும் மீறி எல்லாருக்கும் கேட்டது.

"போன மாசம் பெரியப்பா வீட்டுல, கேக் வெட்டறப்ப, எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க."

ரையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தச் சிரிப்பில் அவனுக்கும் பங்கு இருந்தது.

"அது... செல்லமா சொல்றது லா," என்றார் தேவதாஸ்.

திலகம் அம்மாள் குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மகளின் கை எப்போது தன் பிடியிலிருந்து நழுவியது என்று தேவதாஸுக்குத் தெரியவில்லை.

நித்தியா ஜோலீன் முன்னால் வந்து குனிந்தாள். இந்த முறை மெதுவாகத்தான் பேசினாள்.

"பலகைய நீயே சொல்லு மா. அப்புறம், படகுல ஒருத்தர் பின்பக்கம் பாத்து உக்காந்து உன்னையே கவனிச்சுக்கிட்டு வரணும். வீட்டு ஆள்ல யார் வேணும்னும் சொல்லு."

தேவதாஸ் படகை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

ஜோலீன் அகலப் பலகையை எடுத்துக்கொண்டாள். படகில் ஏற அண்ணனைக் கூப்பிட்டாள்.