நாற்பத்தொன்றாம் வரி

காலை எட்டேகாலுக்கு ரசல் அந்தச் செய்தியை அலுவலக அரட்டைக் குழுவில் போட்டார். முதலாளி கிரான்ட்டும் இருக்கிற குழுவில்.

லுவானா அதைத் திறந்து இரண்டு முறை படித்தாள்.

மென்பொருள்காரர்கள் தினமும் மேய்கிற செய்தித் தளத்தில் முகம் தெரியாத யாரோ எழுதியிருந்தார்கள். சியாட்டிலில் ஒரு சின்ன மருத்துவ நிறுவனம், நோயாளிகளின் விவரங்களைத் திறக்கும் கடவுச்சொல்லை இணையத்தில் ஊரே பார்க்கும் கணினி நிரலில் விட்டுவைத்திருக்கிறதாம். நிறுவனத்தின் பெயர் இல்லை. ஆனால் அதோடு போட்டிருந்த நிரலின் படத்தில், நாற்பத்தொன்றாம் வரி லுவானா எழுதியது. மூன்று வாரம் முன்பு சோதனைக்காக எழுதியவள், அழிக்க மறந்துவிட்டாள்.

ரசல் ஹாகனுக்கு அறுபது நெருங்குகிறது. வேலை பார்க்கிறாரோ இல்லையோ, முதல் ஆளாக வந்து செய்தி போட்டுவிடுவார். எந்த நிறுவனம் மூடியது, எங்கே எத்தனை பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள், எல்லாம் வரும். நேற்று போட்டது, வேலை போன வெளிநாட்டுக்காரர்கள் அறுபது நாளில் நாட்டைவிட்டு மூட்டை கட்ட வேண்டும் என்ற செய்தி. குழுவில் வெளிநாட்டுக்காரி, பிரேசிலிலிருந்து வந்த லுவானா ஒருத்திதான். தன்னைக் குத்தத்தான் போடுகிறார் என்று நேற்றே பொருமினாள்.

"கிழத்துக்கு இதுல என்ன சந்தோஷமோ" என்று பக்கத்து மேசை பெக்கா முணுமுணுத்தாள்.

பத்து மணிக்கு கிரான்ட் எல்லோரையும் கூப்பிட்டான். கடவுச்சொல்லை ரசல் காலையிலேயே மாற்றிவிட்டாராம். அந்த மட்டும் தப்பித்தோம் என்றான்.

"ஆனா இது நோயாளிங்க விஷயம். அந்த வரியை எழுதினவங்க இன்னிக்கே கிளம்பணும்."

நிரலில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் நிற்கும். கிரான்ட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெரிய திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கினான். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

வேலை போனால் லுவானாவுக்கு அறுபது நாள்தான். மகளைப் பள்ளியில் சேர்த்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அந்தக் குழந்தையிடம் என்ன சொல்வது?

நாற்பத்தொன்று. ரசல் ஹாகன் என்று இருந்தது.

"நீங்களா ரசல்?"

"ஆமா" என்றார் அவர். காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தான் எழுதிய வரியில் அவர் பெயர் எப்படி வந்தது என்று லுவானாவுக்குப் புரியவில்லை.

மேசைக்கு ஓடிவந்து அந்த வரியின் பழைய பதிவுகளைத் திறந்தாள். இன்று காலை எட்டு ஐந்துக்கு, வரியின் கடைசியில் ரசல் ஒரே ஒரு வெற்று இடம் சேர்த்திருந்தார். அதற்குக் கீழே, மூன்று வாரம் பழையதாக, அவளுடைய பெயர்.

ரசல் காபிக் கோப்பையோடு லிஃப்டுக்குக் காத்திருந்தார். அவள் போய் அவர் முன்னால் நின்றாள்.

"நான் இப்பவே போய்ச் சொல்லிடறேன். ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"செய்தியை மறைக்க முடியாது. நோயாளிங்களுக்குத் தெரியணும். பேரை மட்டும்தான் மறைக்க முடிஞ்சுது."

லிஃப்ட் கதவு திறந்தது.

"நான் இந்த ஊர்லயே பொறந்தவன், லுவானா. வேலை போனா எனக்கு யாரும் அறுபது நாள் கெடு வைக்க மாட்டாங்க."