கன்னத்தில் ஒரு பொட்டு

தொட்டிலுக்கு மேலே இருக்கும் கேமரா நிமிடத்துக்கு ஒருமுறை குழந்தையின் முகத்தைப் படம் பிடித்து, முந்தைய நாள் படத்தோடு ஒப்பிடும். தோலின் நிறம் எங்காவது மாறியிருந்தால் குழந்தை நல அலுவலகத்துக்குத் தகவல் போய்விடும். மஞ்சள் காமாலையைக்கூட முதல் நாளே கண்டுபிடித்துவிடும் கெட்டிக்கார இயந்திரம் அது. ஆனால் இசக்கிராஜ் தினமும் மகளைக் குளிப்பாட்டியதும் திருஷ்டிப் பொட்டு வைப்பான். ஒருநாள் வலது கன்னம், மறுநாள் இடது. கேமராவின் கணக்கில் அவை தினமும் புதிதாகப் பட்ட காயங்கள்.

பத்தாம் நாள் ஒரு பெண் அதிகாரி வந்தார். குழந்தையின் கன்னத்தை ஈரத்துணியால் துடைத்தார். துணி கறுத்தது.

"மைதான், எனக்குத் தெரியுதும்மா. ஆனா படிவத்துல மைக்கு இடமில்லை. காயம், தீக்காயம், வீக்கம், இந்த மூணுதான்."

"அப்போ எதைப் போடுவீங்க?" என்றாள் இசக்கிராஜின் மனைவி செண்பகவல்லி.

"ஆறின காயம்னு போடுறேன். இருக்கறதுலயே அதுதான் சின்னது."

காயம் யாரால் ஏற்பட்டது என்பது அடுத்த கேள்வி. அதிகாரி தன் கைக்கணினியில் 'தந்தை' என்பதைத் தொட்டார். பதினைந்து நாட்களுக்குத் தந்தை குழந்தையைத் தூக்கக் கூடாது, மீறினால் குழந்தை காப்பகத்துக்கு மாற்றப்படும் என்று திரையில் வந்தது.

"உங்க பிள்ளைக்கு நீங்க பொட்டே வச்சதில்லையா மேடம்?" என்றாள் செண்பகவல்லி.

"வச்சேன். அப்போ கேமரா இல்லை."

குழந்தை வீரிட்டு அழுதது. இசக்கிராஜ் தொட்டிலை நோக்கி நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டான்.

"தூக்குங்க," என்றாள் செண்பகவல்லி. "இவங்க நின்னு பாக்கட்டும். நீங்க தூக்குங்க."

அவன் தூக்கினான். அவள் போய் வாசல் கதவின் குறுக்கே நின்றாள்.