அண்ணனைவிட ஒரு சாண்

ஷோரூமில் பின்பக்கம் நீண்ட இரண்டு டீசல் கார்கள் பளபளத்தன. இரண்டும் விலை உயர்ந்த ரகம். சுற்றிச் சுற்றி வந்த தம்பியின் கண்ணுக்குள் மட்டும் அண்ணனின் கார்தான் நின்றது.

"வெள்ளை நல்லா மைலேஜ் கொடுக்கும் சார்," என்றார் விற்பனையாளர். "கருப்புல இடம் தாராளம். அலுங்காமப் போகும்."

"அண்ணன் வண்டி பதினாறு அடி. இது அதைவிட நீளமா?"

"ஒரு சாண் நீளம் சார்."

"அப்ப கருப்பே இருக்கட்டும். ஊரே அவன் வண்டியைத்தான் கேக்குது. பெத்த அப்பாகூட, 'பெரியவன் வண்டியிலதான் போவேன்'னு ஒத்தக் கால்ல நிக்கிறார். எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?"

"எரியத்தான் செய்யும். பின்சீட்டுக்கு என்ன கலர் உறை போடட்டும்?"

"பின்சீட்டே வேணாம், கழட்டிடுங்க. அண்ணன் மாதிரி நானும் சவ ஊர்திதான் ஓட்டுறேன். பெட்டி இடிக்காம உள்ளே போகணும்."

விற்பனையாளரின் கையிலிருந்த பேனா நழுவியது.

தம்பி அதைக் கவனிக்கவில்லை. உடனே அப்பாவுக்கு போன் போட்டான்.

"அப்பா, புது வண்டி எடுத்துட்டேன். அண்ணனோடதைவிடப் பெருசு. இப்பவாவது என் வண்டியில வருவீங்களா?"

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது.

"வரேன்டா. அதுக்காக என்னை அவசரப்படுத்தாதே!"