ஓடவும் நீந்தவும் ஒரு கால்சட்டை

"ஓடக்குள்ள இதுல எந்த இடம் முதல்ல விடும்?" என்று கேட்டார் சீனிமுகம்மது. கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் அமிர்தலிங்கத்தின் தையல் கடையில், கொடியில் தொங்கிய கட்டைக் கால்சட்டை ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார்.

"கவட்டுத் தையல்தான். அதுக்கென்ன காக்கா, ரெண்டு தரம் ஓட்டி விட்டாப் போச்சு," என்றார் அமிர்தலிங்கம். சாறனைத் தவிர வேறெதுவும் உடுத்தறியாத நெல் வியாபாரிக்கு இதென்ன புதுப் பைத்தியம் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எனக்கில்ல. மகன் றஸாக்குக்கு. ஓடவும் வேணும், நீந்தவும் வேணும், ரெண்டுக்கும் ஒரே கால்சட்டை. நடுவுல மாத்த விடமாட்டாங்களாம்."

தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் அமிர்தலிங்கத்துக்கு வாய் ஓயாது. பருத்தி வேண்டாம், தண்ணீரைக் குடித்துவிட்டு ஆளைக் கீழே இழுக்கும் என்றார். நைலோன் தண்ணீருக்கு நல்லது, ஆனால் ஓடும்போது தொடையைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். கால் அகலமாக இருந்தால் ஓடச் சுகம், நீந்தும்போது பாரம். ஒடுக்கிவிட்டாலோ எட்டி வைக்க முடியாது.

"டெட்ரோன் துணி எடுப்பம். பை வேணாம், தண்ணி நிறையும். இடுப்புல இலாஸ்டிக்கோட நாடாவும் கோப்பம். கவட்டுல ஒரு துண்டு வைச்சுத் தைச்சா எட்டி வைக்க இடம் கிடைக்கும். நீளம் மட்டும் முழங்காலுக்கு மேல நிக்கட்டும்."

"அது சரிவராது அண்ணன். முழங்கால் மூடணும். நாலு பேருக்கு முன்னால கொஞ்சம் துடை தெரிஞ்சாலும் அவன் அந்த இடத்திலயே குந்திருவான். ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான்."

"சரி, மூடிருவம். எங்க போட்டி, பள்ளிக்கூடத்திலயா?"

சீனிமுகம்மது கால்சட்டையைக் கொடியில் திரும்பப் போட்டார். "போட்டி இல்ல. அரசாங்கப் படைக்கு ஆள் எடுக்கிறாங்க. ஓட விட்டு, அப்படியே தண்ணிக்குள்ள இறக்குவாங்களாம். பேர் குடுத்துட்டான். இனி ஆர் சொல்லியும் கேக்க மாட்டான்."

அளவு எழுதிக்கொண்டிருந்த அமிர்தலிங்கத்தின் பென்சில் நின்றுவிட்டது. அவருடைய மூத்தவன் போன மாரியில், அந்தப் படையோடு சண்டை பிடிக்கிற இயக்கத்துக்குப் போனவன். எந்தக் காட்டில் கிடக்கிறான், சாப்பிட்டானா இல்லையா என்று பெற்றவர்களுக்குத் தெரியாது. அந்தக் காட்டுக்குள்தான் நாளைக்கு றஸாக்கின் கையில் துவக்கைக் கொடுத்து அனுப்புவார்கள். இது சீனிமுகம்மதுவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே என்னிடம் வந்து தைக்கக் கேட்கிறாரே என்று அமிர்தலிங்கத்துக்கு ஆத்திரம் வந்தது.

"நாளைக்கு வாங்க," என்றார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு துணியை வெட்டித் தைக்க உட்கார்ந்தார். யன்னலோரம் வெயில் பட்டு இத்துப்போன நூல்கட்டை ஒன்று கிடந்தது. கை அதைத்தான் எடுத்தது. கவடு விட்டுவிட்டால் பையன் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவான். தன் பிள்ளையைத் தேடி வருகிற துவக்குகளில் ஒன்று குறையும். செய்வது துரோகம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை, ஆனாலும் மெசின் ஓடிக்கொண்டே இருந்தது.

தைத்து முடித்து நிமிர்ந்தபோது அந்த மெசினே அவர் கண்ணில் குத்தியது. போன வருடக் கலவரத்தில் இந்தக் கடைக்கு நெருப்பு வைக்க வந்தவர்களை வாசலில் நின்று மறித்தவர் சீனிமுகம்மது. வந்தவர்கள் அவருடைய ஊர்ப் பொடியன்கள்தான். "முதல்ல என்னைக் கொளுத்துங்கடா" என்று நின்றவர், அவர்கள் கலைந்து போகும்வரை நகரவில்லை. அந்த மனிதரின் பிள்ளையை ஊர் நடுவே மானம் கெடுக்கவா இது மிஞ்சியது?

"தைச்சதை என்னத்துக்குப் பிரிக்கிறீங்க?" என்று தேத்தண்ணீரோடு வந்த மனைவி சுந்தரம்மா கேட்டாள்.

"நூல் சரியில்ல."

புது நூல் கோத்து மறுபடி தைத்தார். கவட்டில் ஒன்றுக்கு மூன்று தரம் ஓட்டினார். பெற்ற பிள்ளைக்கு எதிராக ஒருவனை நானே உடுத்தி அனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டே நூலை அறுத்தார். சுந்தரம்மா வைத்துவிட்டுப் போன தேத்தண்ணீர் ஆறிப்போனது.

மறுநாள் காலையில் சீனிமுகம்மது வந்தார். கால்சட்டையை வாங்கி, கவட்டைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார். தையல் அசையவில்லை. அவருடைய முகம் கறுத்துப்போய்விட்டது.

என்னைச் சந்தேகப்படுகிறாரே என்று அமிர்தலிங்கத்துக்குச் சுருக்கென்றது. "என்ட மகனுக்குத் தைக்கிற மாதிரித்தான் தைச்சிருக்கன் காக்கா. ஓடினாலும் விடாது, நீந்தினாலும் விடாது. நம்பிக் கொண்டு போங்க."

சீனிமுகம்மது வாசலை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்து, கால்சட்டையைத் திரும்பவும் அமிர்தலிங்கத்தின் மடியில் வைத்தார்.

"பிரிச்சிருங்க அண்ணன். பாதி ஓட்டத்தில கிழியிற மாதிரித் தைச்சுத் தாங்க."