கிண்ணமாகிப்போன பதக்கம்

"ரெண்டு ஊசியையும் குடுங்க, அத்தை."

கொரின் கையை நீட்டினாள். பெர்னடெட் கொடுக்கவில்லை.

"விழா நாளைக்கு. இன்னும் ரெண்டு சுத்துதான் பாக்கி. என்னை விடேன்."

"கோபமா இருக்கீங்க."

"நான் ஒண்ணும் கோபமா இல்லை" என்று பெர்னடெட் போட்ட சத்தத்தில் மணிவேலை வகுப்பே நிமிர்ந்து பார்த்தது.

கனடாவின் அந்தப் பழங்குடி ரிசர்வில் இது எல்லாருக்கும் தெரிந்த விதி. கோபத்தோடு ஊசியைத் தொடக் கூடாது. கோத்தவரின் கோபம், போட்டுக்கொள்பவர் மேல் ஏறிவிடும்.

"போன வருஷம் வரைக்கும் என் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து தின்னுட்டுத் திரிஞ்ச கழுதை. இன்னிக்கு டீச்சராம்" என்றாள் பெர்னடெட்.

"இப்பவும் திறப்பேன். அது வேற, இது வேற." கொரின் பதக்கத்தை வாங்கி மேசையில் வைத்தாள். "நீங்களே பாருங்க."

மஞ்சள் மணி ஒன்று நடுவில். அதைச் சுற்றிச் சுற்றி நீல மணிகள். ஒரு ஊசியில் மணிகளைக் கோத்து, மறு ஊசியால் துணியோடு சேர்த்துப் பிடித்துத் தைத்திருந்தாள் பெர்னடெட். தட்டையாகப் படுக்க வேண்டிய பதக்கம் ஓரமெல்லாம் மேலே எழும்பி, மேசையில் ஆடிக்கொண்டிருந்தது.

"நூலை இந்த இழு இழுத்தா கிண்ணமாத்தான் ஆகும்" என்றாள் கொரின்.

"நல்லதுதான், சூப் ஊத்திக் குடிக்கலாம்" என்றாள் பக்கத்து நாற்காலி ஐடா.

"நீ வாயை மூடு, ஐடா. உன் பொண்ணு மளிகைக் கடையில வேலை பாக்கறா. என் பொண்ணு விமானம் ஓட்டப் போறாளாம், வின்னிபெக் நகரத்துக்குப் போய்ப் படிச்சு. நம்ம ஊருக்கு வர்ற அந்தக் குட்டி விமானத்துல பல் டாக்டரைப் பாக்கப் போறப்பவே நான் கண்ணை இறுக்க மூடிக்குவேன். அதை இவ ஓட்டுவாளாம்."

"ஜோலீன்கிட்ட உக்காந்து பேசினீங்களா?" என்று கேட்டாள் கொரின்.

"பேசறதா? ஒரு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா. சாப்பிடறப்போ உப்பு வேணும்னாகூட நாய்கிட்டதான் சொல்றா."

"நீங்க?"

"நானும் நாய்கிட்டயே பதில் சொல்லிடறேன்."

ஐடா தேநீரைத் துப்பிவிடாமல் விழுங்கப் பெரும்பாடு பட்டாள்.

"அவ்வளவு ஆத்திரம் இருந்தா எதுக்கு இதைச் செய்யறே?" என்றாள் ஒருவழியாக.

"பின்னே? பள்ளி முடிக்கிற விழாவில எல்லாப் பிள்ளைங்க கழுத்துலயும் அம்மா கோத்தது தொங்கும். இவ மட்டும் வெறுங்கழுத்தோட நிப்பாளா? ஊர் என்னைத்தான் பேசும்."

பேசிக்கொண்டே பதக்கத்தை எடுத்து மறுபடி நூலை இழுத்தாள். நூல் பட்டென்று அறுந்தது. மணிகள் தரையெல்லாம் உருண்டன.

கொரின் குனிந்து பெர்னடெட்டின் விரல்களுக்கிடையிலிருந்து ஊசிகளை உருவி, தன் சட்டைக் காலரில் குத்திக்கொண்டாள்.

"போய் வெளியில நில்லுங்க. கோபம் இறங்கினதும் வாங்க. ரெண்டு சுத்தைப் பிரிச்சுட்டுத் தளர்வாப் போட்டா சரியாயிடும்."

"இறங்கலைன்னா?"

"அங்கேயே நில்லுங்க."

"நாளைக்கு என் பொண்ணு வெறுங்கழுத்தா நின்னா அதுக்கு நீதான் பொறுப்பு. ஞாபகம் வச்சுக்க."

பெர்னடெட் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு முன்கதவை நோக்கி நடந்தாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம், அத்தை. பின்கதவு வழியாப் போங்க."

"ஆமா, எந்தக் கதவுன்னும் இவதான் சொல்லணும்."

முணுமுணுத்துக்கொண்டே திரும்பி, பின்கதவைத் தள்ளித் திறந்தாள்.

படிக்கட்டில் ஒரு பெண் கொசுவை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜோலீன். அவள் மடியில் பாதி முடிந்த மணித்தோடு ஒன்று, நூல் இறுகி முறுக்கிக்கொண்டு கிடந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இங்க என்ன பண்றே?" என்றாள் பெர்னடெட்.

"மதிய வகுப்புக்கு வந்தேன். கொரின் ஊசியைப் பிடுங்கிட்டு வெளிய அனுப்பிட்டா."

பெர்னடெட் அந்தத் தோட்டையே பார்த்தாள்.

"யாருக்குடி இது?"

"உனக்குத்தான். நாளைக்குப் போட்டுக்க. கோபம் போனாத்தான் ஊசியைத் திருப்பித் தருவாளாம். மதியத்துலேர்ந்து உக்காந்திருக்கேன்மா, போகவே மாட்டேங்குது."