மறதிக்கு ஒரு பரீட்சை

சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் பெரியவர். மகள் குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். கைக்குட்டையால் அவர் வாயோரத்தையும் துடைத்துவிட்டாள்.

"இன்னைக்காவது ஏதாவது ஞாபகம் வந்தா உடனே என்கிட்ட சொல்லுங்க மேடம்" என்றாள். ஒவ்வொரு தடவையும் வெளியே போகுமுன் அவள் சொல்வது அதுதான். சொல்லிவிட்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேடம் என்பவள் நீதிமன்றத்துக்காக மனசைப் பரிசோதிக்கும் உளவியலாளர். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. எதிரே இருப்பவர் நிஜமா நடிப்பா என்று நீதிபதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெட்டு, குத்து வழக்குகளாகவே கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்து, மனசும் மரத்துப் போயிருந்தது. நான் செத்தாலும் ரிப்போர்ட்டை முடித்துவிட்டுத்தான் அழ வருவாய் என்று கணவன் கேலி செய்வான். அவள் மறுத்ததில்லை.

பெரியவரின் மனைவி சமையலறையில் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தாள். போலீஸ் வந்தபோது ரத்தக்கறைச் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "நான்தான்" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அவருக்கு எல்லாமே மறந்துவிட்டது. மகள் அப்போது ஆபீசில் இருந்ததாகவும், தகவல் தெரிந்து ஓடிவந்ததாகவும் போலீஸிடம் சொல்லியிருந்தாள்.

மறதி நிஜமென்றால் விசாரணை கிடையாது, மகளோடு வீட்டிலேயே இருக்கலாம். நடிப்பென்றால் கூண்டு, அப்புறம் ஆயுசுக்கும் ஜெயில். இங்கே பேசுவதெல்லாம் நீதிபதிக்குப் போகும் என்று மேடம் அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் காணோம், என் சம்சாரத்தைக் கூப்பிடுங்க என்றார். அதையும் அவள் முகம் மாறாமல் எழுதிக்கொண்டாள்.

இன்று மேஜைமேல் பட அட்டைகளைப் பரப்பினாள். சாவி, குடை, பூட்டு, நாற்காலி என்று வரிசையாகக் காட்டினாள். பிறகு பழையது ஒன்று, புதியது ஒன்று என்று இரண்டிரண்டாக வைத்து, முன்னால் பார்த்தது எது என்று கேட்டாள். பெரியவர் யோசித்து யோசித்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

முடிந்ததும் அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டாள்.

"ஐயா, நிஜமாவே மறந்தவங்க கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே பாதி சரியா வந்துடும். நீங்க ஒண்ணு விடாம எல்லாத்தையும் தப்பா தொட்டிருக்கீங்க. எது சரின்னு தெரிஞ்சாத்தான் அது முடியும்."

பிளந்திருந்த பெரியவரின் வாய் மூடிக்கொண்டது. கூனிக் கிடந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் தோன்றியது.

கதவு லேசாகத் திறந்தது. மகள் எட்டிப் பார்த்தாள்.

"ஏதாவது ஞாபகம் வந்துச்சா மேடம்?"

மேடம் பதில் சொல்வதற்குள் பெரியவரின் தோள் தொங்கிவிட்டது, வாய் பழையபடி பிளந்துகொண்டது. மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"சரிப்பா, சரி. நான் வெளியிலதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். அவள் கண்ணில் ஈரமே இல்லை. பாவம், அழுது ஓய்ந்திருப்பாள் என்று மேடம் நினைத்துக்கொண்டாள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"தப்பிக்கிறதுக்காகப் பெத்த பொண்ணுகிட்டயுமா நடிப்பீங்க?"

"அவகிட்டத்தாம்மா நல்லா நடிக்கணும்." குரல் தெளிவாக இருந்தது. "மறந்துட்டாருன்னே எழுதிடுங்க. கூண்டுல ஏத்தினா எதால அடிச்சே, எங்க நின்னு அடிச்சேன்னு துருவித் துருவிக் கேப்பாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டாள் மேடம்.

சாத்திய கதவையே பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் போட்டுவிட்ட பொத்தானை அவர் விரல் தடவிக்கொண்டே இருந்தது. என்ன தோன்றியதோ, மேடம் பேனாவை மூடி ஓரமாக வைத்தாள். இந்த அறையில் அவள் அப்படிச் செய்வது இதுதான் முதல் தடவை.

அவர் பேனாவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் வந்து பெல் அடிச்சப்போ, கதவைத் திறந்ததே என் பொண்ணுதாம்மா."